சமையலறைக்கு நாற்பத்தொரு கிலோமீட்டர்

சென்னியப்பனுக்கும் அவன் மனைவி வசந்தாமணிக்கும் இடையில் நாற்பத்தொரு கிலோமீட்டர் இருந்தது. இருவரும் ஒரே வீட்டில்தான் குடியிருந்தார்கள். அவன் ஹாலில் இருந்தான். அவள் சமையலறையில் இருந்தாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு நடைக்கூடம் இருந்தது.

வீடு கட்டியபோது நடைக்கூடத்துக்கு நீளவாட்டில் பதினோரு டைல்ஸ்தான் போட்டார்கள். பதித்தவர் எண்ணித்தான் பதித்தார். அதன் பிறகு யாரும் டைல்ஸ் வாங்கவில்லை. அது தானாகவே வளர்ந்துகொண்டது.

வளர ஆரம்பித்த நாள் சென்னியப்பனுக்கு நன்றாக நினைவிருந்தது. மூன்று வருடங்களுக்கு முன், ஒரு கிருத்திகை. காலை பத்து மணி. அவன் வாசலில் பிக்கப் வண்டியின் பானெட்டுக்குள் தலையை விட்டு, பேட்டரி முனையில் பூத்திருந்த உப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான். உள்ளே இருந்து வசந்தாமணி கூப்பிட்டாள்.

"ஏனுங்க, ஒரு நிமிசம் இங்க வந்துட்டுப் போங்க."

"இதோ வர்றேன்" என்றான் சென்னியப்பன். வரவில்லை.

இன்னும் நான்கு தடவை கூப்பிட்டாள். நான்கு தடவையும் இதோ என்றான். சென்னியப்பன் கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான், அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்க மாட்டான். இதோ என்பதைக் கொஞ்சம் தாராளமாகப் புழங்குகிறவன், அவ்வளவுதான். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது சமையலறைக் கதவு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. மறுநாள் அதுவும் தெரியவில்லை.

அதிலிருந்து அவன் சங்ககிரி ரோட்டில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டான். பகலில் நாமக்கல்லுக்குப் போய் முட்டை ஏற்றிவந்து கடைகளில் இறக்கினான். வசந்தாமணி இருக்கிறாள் என்பது பாத்திரச் சத்தத்தில் தெரிந்தது. அங்கே ஒரு தட்டு விழுந்தால் இங்கே இரண்டு நிமிடம் கழித்துக் கேட்கும். குரல் அவ்வளவு தூரம் வராது.

பெருமூச்சு வரும். தினமும் பதினொரு மணி வாக்கில் ஒன்று. அது வந்து சேரும்போது ஹாலில் காலண்டர் தாள் லேசாக அசையும். ரச வாசனை அடிக்கும். சென்னியப்பன் எங்கே இருந்தாலும் பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்து காலண்டர் முன்னால் நிற்பான். தேதி பார்க்கிற மாதிரி நிற்பான். வீட்டில் வேறு யாரும் இல்லை, ஆனாலும் அப்படித்தான் நிற்பான்.

அவனுக்கு அவளைப் பார்க்க வேண்டும். பார்த்து, அன்றைக்கு என்னை எதற்குக் கூப்பிட்டாய் என்று கேட்க வேண்டும். மூன்று வருடமாக அவன் நெஞ்சில் இந்த ஒரு கேள்விதான் இருந்தது.

நடந்து போய்ப் பார்த்தான். அவன் நடக்கிற அளவுக்கு நடைக்கூடமும் நீண்டது. வண்டியில் போனால்தான் அதை முந்த முடிந்தது. வாசற்கதவு மூன்றரை அடி, வண்டி ஐந்தரை அடி. பக்கவாட்டுக் கண்ணாடிகளை மடக்கிக்கொண்டால் போய்விடும். ஆனால் ஒவ்வொரு முறையும் இருபத்தேழாவது கிலோமீட்டரில் வண்டி இழுவை குறைந்து, இரண்டு முறை முனகி, நின்றுவிடும். திருப்பினால் நன்றாக ஓடும். ஹால் பக்கம் போகச் சொன்னால் அதற்கு ஒரு குறையும் இல்லை.

பதினாறு தடவை நின்ற பிறகு, ஒரு புதன்கிழமை காலை, மெக்கானிக் குப்பண்ணனிடம் போனான்.

குப்பண்ணனின் முகத்தைப் பார்த்தவர்கள் அந்த வட்டாரத்தில் குறைவு. அவர் எப்போதும் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் இருப்பார். சென்னியப்பன் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தியபோது அவர் அதற்கு அடியில் ஏற்கெனவே படுத்திருந்தார். இரண்டு கால்கள் வெளியே தெரிந்தன.

"எங்க நிக்குது?" என்றார் குப்பண்ணன்.

"இருவத்தேழாவது கிலோமீட்டர்லீங்ணா."

"பவானி ரோட்டுலயா?"

"ஊட்டுக்குள்ளீங்க."

"டைல்ஸா, சிமெண்ட்டா?"

"டைல்ஸுங்க."

"டைல்ஸ்ல நிக்கக்கூடாதே" என்றார் குப்பண்ணன். ஒரு கை வெளியே வந்து, வண்டியைச் சோதிக்கிற கம்ப்யூட்டர் பெட்டியின் வயரை எடுத்துக்கொண்டு உள்ளே போனது. சிறிது நேரம் பீப் சத்தம் கேட்டது.

"இஞ்சினுக்குள்ள போற காத்துல தூசி ரெண்டு பங்கு இருக்குது. அது எல்லா வண்டிக்கும் இருக்கும். பெருமூச்சு பதினாலு பங்கு இருக்குது. அது சாஸ்தி."

"என்ற ஊட்டுக்காரியோடதுங்க."

"ஆரோடதுன்னு இதுல வராது." குப்பண்ணன் இருமினார். "ஏர் ஃபில்டரத் தாண்டி குழாய்ல ஒரு சென்சார் உக்காந்திருக்கும். காத்து எத்தன வருதுன்னு பாத்து, அதுக்குத் தக்கன டீசல் உடச் சொல்லும். உன்ற வண்டிச் சென்சாரு நல்ல மனசுக்காரன். பெருமூச்சு வந்தா, ஆருக்கோ மனசு செரியில்ல, நாம எதுக்குச் சத்தம் போட்டுக்கிட்டுன்னு டீசலை நிறுத்திப்போடுது."

"மாத்திப்போடலாங்களா?"

"புதுசும் அதையேதான் பண்ணும். அதும்மேல குத்தம் இல்ல. ரொம்பக் கிட்டக்க உக்காந்து கேக்குது. கொஞ்சம் தள்ளி உக்கார வெக்கோணும்."

கை மறுபடி வெளியே வந்தது. அதில் கறுப்பாக ஒரு வளையம் இருந்தது. அரை இஞ்சு கனம், இரண்டு பக்கமும் திருகாணித் துளை. கம்பெனிச் சாமான் இல்லை, வெளியில் செய்து விற்பது. ஸ்பேசர் என்று சொல்வார்கள்.

"இதச் சென்சாருக்கு அடியில குடுத்தா அரை இஞ்சு மேல ஏறிக்கும். காத்து போறது தெரியும். பெருமூச்சு தெரியாது. பேக்கிங் வெட்டக் கெட்டி அட்டை ஏதாச்சும் வெச்சிருக்கறயா?"

சென்னியப்பன் முட்டை அட்டையை நீட்டினான். அது காற்று விடும் என்று குப்பண்ணன் தள்ளிவிட்டார். டேஷ்போர்டு அறையைத் துழாவியபோது பழைய இன்சூரன்ஸ் தாள்களுக்கு அடியில் அவர்களுடைய கல்யாணப் பத்திரிகை இருந்தது. மூலைகளில் மஞ்சள் இன்னும் போகவில்லை. வண்டி வாங்கிய வருடமும் கல்யாண வருடமும் ஒன்று.

"இது பேஷா ஆவும்" என்றார் குப்பண்ணன். பத்திரிகையை ஸ்பேசரின் மேல் வைத்து, சுத்தியலின் உருண்டை முனையால் விளிம்பைச் சுற்றித் தட்டினார். அட்டை வளையமாக வெட்டுப்பட்டு விழுந்தது. வளையத்தின் அடிப்பாகத்தில் 'திருநிறைச்செல்வன் சென்னியப்பன்' என்று முழுசாக வந்திருந்தது.

"அண்ணா, என்ற பேருங்க அது."

"பொறவு? எம்பேரையா வெக்க முடியும்?"

குப்பண்ணன் அடியில் இருந்தபடியே பானெட்டைத் திறந்தார். வயரின் முனையைப் பிடுங்கி, இரண்டு திருகாணியைக் கழற்றி, சென்சாரை உருவினார். பேக்கிங்கை வைத்தார். அதன் மேல் ஸ்பேசர். அதன் மேல் சென்சார். நீளமான திருகாணி இரண்டு போட்டு முடுக்கினார். பத்து நிமிட வேலை.

"ரெண்டு சமாச்சாரம்" என்றார். "அரை இஞ்சுங்கறது சும்மா வராது. பேக்கிங்குல ஆரு பேரு இருக்குதோ அவங்ககிட்டத் தங்கிக்கும்."

"தங்குனா என்னாவுங்க?"

"தங்கும். ரெண்டாவது, இதக் கழட்டும்போது கழட்டறவங்க வாயத் தொறந்து இதோன்னு சொல்லக்கூடாது. சொன்னா அரை இஞ்சு அவுந்துக்கும். அப்பறம் அது எங்க போயி எத்தனையா நிக்கும்னு எனக்கே தெரியாது."

"நான் ஏனுங்க அதச் சொல்லப்போறேன்" என்றான் சென்னியப்பன்.

குப்பண்ணனின் கால்கள் அதற்குள் அடுத்த வண்டிக்கு அடியில் தெரிந்தன.

வீட்டுக்கு ஓட்டிவரும்போது அவன் ஒன்றைக் கவனித்தான். கை ஸ்டியரிங்கைத் தொடவில்லை. நடுவில் ஒரு விரல் கனத்துக்கு வெற்றிடம் இருந்தது. கால் பிரேக்கைத் தொடவில்லை. ஆனால் திருப்பினால் வண்டி திரும்பியது, மிதித்தால் நின்றது. அதனால் அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கண்ணாடிகளை மடக்கி வீட்டுக்குள் நுழைந்தபோது மணி பத்தேகால். கூரையில் கிலோமீட்டருக்கு ஒரு கண்ணாடி ஓடு பதித்திருந்ததால் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. நான்காவது கிலோமீட்டரில் செருப்பு விடும் இடம். பதினோராவதில் கல்யாண போட்டோ. போட்டோவில் வசந்தாமணி புகைப்படக்காரரைப் பார்க்கவில்லை, பக்கத்தில் யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். அவள் அப்படித்தான். கூப்பிட்டால் உடனே திரும்பிவிடுவாள். பத்தொன்பதாவதில் சுவிட்ச் போர்டு.

இருபத்தேழாவது கிலோமீட்டர் வந்தது. வண்டி நிற்கவில்லை.

பதினொரு மணிப் பெருமூச்சு அப்போதுதான் எதிரே வந்திருக்க வேண்டும். சுவரில் தொங்கிய பையொன்று அசைந்தது. வண்டி அதைக் கண்டுகொள்ளவில்லை. சென்னியப்பன் மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். ரச வாசனை வரவில்லை. மூன்று வருடத்தில் முதல் தடவையாக அது வரவில்லை. பக்கத்தில் போகப் போகக் கூடத்தானே வேண்டும் என்று நினைத்தான். இருந்தாலும் நான்காவது கியர் போட்டான்.

முப்பதாவது கிலோமீட்டரில் ஒரு செக்போஸ்ட் இருந்தது. அவன் இதுவரை அந்தப் பக்கம் வந்ததில்லை என்பதால் அவனுக்குத் தெரியாது. குறுக்கே ஒரு மூங்கில். பக்கத்தில் மேசை. மேசைக்குப் பின்னால் ஒரு அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சட்டையில் அரசாங்க வில்லை குத்தியிருந்தது.

"சமையலறைக்கா, பூசை ரூமுக்கா?"

"சமையலறைக்குங்க."

"என்ன விசயமா?"

"கூப்புட்டாங்க."

"எப்ப?"

"மூணு வருசம் ஆச்சுங்க."

அந்த அம்மா கீரையைக் கீழே வைத்தார். "நீங்கதான் ஊட்டுக்காரர்ங்கறதுக்கு ஆதாரம் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

அவன் பத்திரிகையைக் கொடுத்தான். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்தார். ஓட்டை வழியாக அவனைப் பார்த்தார்.

"பொண்ணு பேரு இருக்குது. மாப்பிள்ளை பேரு இருக்கற எடத்துல ஓட்டை இருக்குது."

"அது வண்டில இருக்குதுங்க."

"தெறங்க."

பானெட்டைத் திறந்தான். அந்த அம்மா கண்ணாடி மாட்டிக்கொண்டு, குனிந்து, ஸ்பேசருக்கு அடியில் பிதுங்கிக்கொண்டிருந்த அட்டை விளிம்பை எழுத்துக் கூட்டிப் படித்தார். "ஆமா, உள்ளதான் இருக்கறீங்க" என்றார். மேசைக்குத் திரும்பி, பத்திரிகையின் மிச்சத்தையும் படித்தார். "தங்கள் நல்வரவை விரும்பும்னு போட்டிருக்குது. அதுக்குக் கீழ ஆரு பேரும் இல்ல. ஆரு விரும்பறாங்க?"

"ரெண்டு பேருந்தானுங்க."

"ரெண்டு பேரும்னு எழுதியிருக்கலாம்ல." அவர் ஒரு முத்திரையைக் குத்தி, மூங்கிலைத் தூக்கினார். "போங்க. அடுப்புல என்னமோ இருக்குது, ரொம்ப நாளா."

நாற்பத்தோராவது கிலோமீட்டரில் நடைக்கூடம் சட்டென்று முடிந்தது. சமையலறை வாசலுக்கு நான்கு டைல்ஸ் முன்னால் வண்டியை நிறுத்தினான்.

வசந்தாமணி அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தாள். அன்றைக்குக் கட்டியிருந்த அதே இலைப்பச்சைச் சேலை. முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். கையில் கரண்டி. அடுப்பில் ரசம் நுரை கட்டி, பொங்குவதற்கு ஒரு நொடி முன்னால் இருக்கிற நிலையில் இருந்தது. ரசத்தைக் கொதிக்கவும் விடாமல் ஆறவும் விடாமல் மூன்று வருடம் வைத்திருப்பது லேசான காரியம் இல்லை. அவள் கொஞ்சம் இளைத்திருந்தாள்.

"வந்துட்டீங்களா" என்றாள்.

"வந்துட்டேன்."

"கை கழுவினீங்களா?"

"கழுவினேன்." உண்மையில் தண்ணீர் கையில் படவில்லை. "வசந்தாமணி, அன்னிக்கு எதுக்குக் கூப்புட்ட?"

"கிருத்திகை பாருங்க, நான் வெரதம். நாக்குல வெச்சுப் பாக்கக்கூடாது. ரசத்துக்கு உப்புப் பாக்கத்தான் கூப்புட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க."

சென்னியப்பன் தரையைப் பார்த்தான். இந்த மூன்று வருடத்தில் அவன் என்னென்னவோ யோசித்து வைத்திருந்தான். பாம்பு வந்திருக்கும். நெஞ்சு வலித்திருக்கும். அவள் அப்பா ஊரிலிருந்து போன் வந்திருக்கும். உப்பு என்பது அவன் பட்டியலில் இல்லை.

"நீ சாப்புட்டியா?"

"நீங்க உப்புப் பாத்து, நீங்க சாப்புட்டு, அப்பறந்தான நானு" என்றாள் வசந்தாமணி. குறையாகச் சொல்லவில்லை. நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

அவன் உள்ளங்கையை நீட்டினான். அவள் கரண்டியின் நுனியால் ரசத்தைச் சொட்டினாள். ரசம் கையில் விழவில்லை. கைக்கு மேலே அரை இஞ்சு உயரத்தில் நின்றது. ஒரு கறிவேப்பிலை அதில் மெதுவாகச் சுற்றியது. அவன் வாயைக் கொண்டுபோனான். ரசம் அதே அளவுக்குப் பின்னால் போனது.

"என்னங்க இது?"

"அரை இஞ்சு" என்றான் சென்னியப்பன். ஸ்பேசர் விஷயத்தைச் சொன்னான். வண்டி பதினாறு தடவை நின்றதைச் சொன்னான். அவள் பெருமூச்சு தினமும் ஹாலுக்கு வந்ததைச் சொன்னான். காலண்டர் முன்னால் நின்றதைச் சொல்லவில்லை, ஆனால் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நாப்பத்தோரு கிலோமீட்டர் வந்துட்டீங்க, அரை இஞ்சு நிக்குதாக்கும்" என்றாள்.

அவள் கையை நீட்டி அவன் கன்னத்தைத் தொடப்பார்த்தாள். விரல்கள் வந்து, நின்றன. அவ்வளவு பக்கத்தில் அவள் விரல்கள் இருந்தும் சூடு தெரியவில்லை. அவனுக்கு ஹாலில் இருந்தபோதுகூட இவ்வளவு ஏக்கம் இருந்ததில்லை.

"கழட்டிப்போடுங்க அத."

அவன் வண்டிக்குப் போனான். திருப்புளியைத் திருகாணியில் வைத்தான். திருப்புளியின் முனை திருகாணிக்கு அரை இஞ்சு தள்ளியே சுற்றியது. ஸ்டியரிங்கைத் திருப்ப முடிந்தது, பிரேக்கை மிதிக்க முடிந்தது. இதை மட்டும் முடியவில்லை. தன் பெயர் கிடக்கிற இடத்தில் தன்னால் கைவைக்க முடியாதுபோல என்று நினைத்தான். குப்பண்ணன் இதைச் சொல்லியிருக்கலாம்.

"நவுறுங்க, நான் பாக்கறேன்" என்றாள் வசந்தாமணி. கரண்டியை அவனிடம் நீட்டினாள். "இதப் புடிச்சுக்கிட்டு அடுப்புகிட்ட நில்லுங்க. தீயச் சின்னதுல வெச்சிருக்கறேன். பொங்க உட்ராதீங்க. கண்ண அக்கட்ட இக்கட்ட திருப்பக்கூடாது."

மூன்று வருடத்தில் அவள் அடுப்பை விட்டு நகர்ந்தது அதுதான் முதல் தடவை. நான்கு டைல்ஸைக் கடந்து வண்டிக்குப் போனாள். பானெட்டுக்குள் தலையை விட்டாள். சென்னியப்பன் ஒரு கையில் கரண்டியும் மறு உள்ளங்கைக்கு மேல் மிதக்கிற ரசமுமாக அடுப்புக்கு முன்னால் நின்றான்.

முதல் திருகாணி கழன்று இஞ்சினுக்குள் எங்கோ விழுந்த சத்தம் கேட்டது. அவனுக்கு நல்ல நம்பிக்கை வந்தது. அப்போதுதான் குப்பண்ணன் சொன்ன இரண்டாவது சமாச்சாரம் நினைவுக்கு வந்தது.

அவளிடம் சொல்லிவிட வேண்டும். போய்ச் சொல்லலாம் என்றால் ரசம் விளிம்புக்கு ஏறிக்கொண்டிருந்தது. அதை விட்டுப் போகக்கூடாது. எனவே கூப்பிட்டான்.

"வசந்தாமணி, ஒரு நிமிசம்."

"இதோ வர்றேனுங்க" என்றாள் வசந்தாமணி.

ரசம் பொத்தென்று உள்ளங்கையில் விழுந்தது. சுட்டது. கரண்டியின் காம்பு கையில் பட்டது, தரை காலில் பட்டது. வாசனை மூக்கில் ஏறியது. மூன்று வருடத்து மிளகும் சீரகமும் ஒரே மூச்சில் வந்தன. சென்னியப்பன் உள்ளங்கையை நக்கினான்.

உப்பே இல்லை.

அதைச் சொல்லத் திரும்பினான். பிக்கப் வண்டி தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. அதன் முன்னால் இலைப்பச்சையாக ஒரு புள்ளி இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே புள்ளியும் போய், தீப்பெட்டியும் போய், டைல்ஸ் மட்டும் இருந்தது.

உப்பு டப்பாவைத் தேடினான். அலமாரியில் பதினேழு டப்பாக்கள் ஒரே அளவில், ஒரே மூடியோடு இருந்தன. எதில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. எட்டு வருடம் இந்த வீட்டில் சாப்பிட்டவன் அவன். எதையும் திறந்து பார்க்க நேரமும் இல்லை, ரசம் மறுபடி ஏறியது. கரண்டியால் ஒரு கலக்குக் கலக்கி அதைக் கீழே இறக்கினான்.

ரொம்ப தூரத்தில் ஒரு வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. அதாவது, இரண்டு நிமிடத்துக்கு முன்னால் கிளம்பியிருக்கும். வசந்தாமணிக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியாது. கேட்டதில்லை.

அரை இஞ்சு போய்விட்டது, அப்படியென்றால் ஸ்பேசர் கழன்றுவிட்டது. இனிமேல் சென்சார் பழைய இடத்தில், காற்றுக்குக் கிட்டத்தில், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இங்கிருந்து ஒரு பெருமூச்சு போனால் போதும், வண்டி வழியில் எங்காவது நின்றுவிடும். வசந்தாமணி இதோ என்றால் வருகிறவள். இப்போது அவள் வருவதும் வராததும் தன் மூச்சில்தான் இருக்கிறது என்பது அவனுக்குப் புரிந்தது.

சென்னியப்பன் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, ரசத்தைப் பார்த்துக்கொண்டு, பெருமூச்சு விடாமல் நின்றான். முதல் நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது நிமிடமும் பரவாயில்லை. மூன்றாவது நிமிடத்திலிருந்து கஷ்டமாக இருந்தது.